மூட்டையப் பிரிச்சுப் பாத்தியா கண்ணு?

வா சாமி. செருப்பக் கழட்டு மொதல்ல. அந்த லேப்டாப்பு எங்கியும் ஓடிப் போகாது. உங்க அப்பத்தா மோரு கலக்கிட்டு இருக்கறா, ஒரு சொம்பு குடிச்சுப்போட்டு உக்காரு. அப்பறமா அந்தச் சார்ட்டக் காட்டு.

ம்ம். கட்டம் கட்டமா நல்லாத்தான் போட்டிருக்கறே. பச்சைல ஒரு கோடு, செகப்புல ஒரு கோடு. ஒரே புரோகிராம டெல்ஃபில ஒருக்கா, லாசரஸ்ல ஒருக்கா, விசுவல் சி பிளஸ் பிளஸ்ல ஒருக்கா, கோ மொழில ஒருக்கான்னு நாலு வாட்டி எழுதி, எது எத்தன செகண்டுல பில்டு ஆகுது, வெளிய வர்ற ஃபைலு எத்தன எம்பின்னு அளந்திருக்கறே. திங்கக்கெழம இத ஆபீசுல காட்டி, 'இனிமே நாம இதுலதான் எழுதோணும்'னு சொல்லப் போறே. மேனேஜரு கை தட்டுவாரு. தட்டட்டும், நான் வேண்டாங்கல.

ஆனா கண்ணு, கன்னபுரம் மாட்டுச் சந்தைல ஒருத்தன் ரெண்டு காளைய எடை போட்டானாம். ஒண்ணத் தனியா நிறுத்திப் போட்டான். இன்னொண்ண வண்டியோட, வண்டில இருந்த பருத்திக்கொட்டை மூட்டையோட, மூட்டை மேல தூங்கிட்டு இருந்த வண்டிக்காரனோட சேத்துப் போட்டான். போட்டுப்போட்டு, 'அடேங்கப்பா, இந்தக் காளை என்னா கனம்'னானாம். உன்ற சார்ட்டுல லாசரஸ் இருபத்தி சொச்சம் எம்பின்னு செகப்புல காட்டறயே, அங்க வந்ததும் எனக்கு அந்த வண்டிக்காரன் நெனப்பு வந்துருச்சு.

சிரிக்காத. 'அப்பாரு தோட்டத்துல தண்ணி பாய்ச்சறவரு, அவருக்கு என்ன தெரியும்'னு உன்ற கூட்டாளிககிட்டச் சொல்லியிருப்பே. நான் தண்ணி பாய்ச்சறது இப்ப. 1986ல கூட்டுறவுச் சர்க்கரை ஆலைல கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போனவன் நானு. ஏசி ரூமு. ஆலை முச்சூடும் அந்த ஒரு ரூமுக்குத்தான் ஏசி. அதுவும் எங்களுக்கில்ல, மிசினுக்கு. வெய்யக் காலத்துல மேனேஜரு கூட 'என்னப்பா, பில்லு ஓடுதா'ன்னு அப்பப்ப உள்ள வந்து நின்னுக்குவாரு.

அந்த மிசினுக்கு ரெண்டு ஃபிளாப்பி வாயி. ஒவ்வொரு ஃபிளாப்பியும் 360 கேபி. அப்ப இருந்த பாஸ்கல் கம்பைலருல எழுதறது ஒரு ஃபிளாப்பி, மொதப் பாஸ் ஒரு ஃபிளாப்பி, ரெண்டாம் பாஸ் இன்னொண்ணு, அப்பறம் லிங்கருக்குன்னு ஒண்ணு. ஒண்ணத் தள்ளி ஒண்ணச் சொருகி, அது கர்ரு கர்ருன்னு அரைக்கறதக் கேட்டுட்டு உக்காந்திருக்கோணும். கடைசில ஒரு அரைப்புள்ளி வெக்க மறந்துட்டேன்னு சொல்லும். மறுக்கா மொத ஃபிளாப்பில இருந்து ஆரம்பி. ஒரு நாளைக்கு பத்து கம்பைல் பண்ணுனா பெரிய சங்கதி. அதனால எழுதறதுக்கு முன்னாடி காகிதத்துல நாலு தடவ ஓட்டிப் பாப்போம். நீ இன்னைக்கு பத்து கம்பைல பத்து நிமிசத்துல பண்ணிப்போட்டு, பதினொண்ணாவது வாட்டிதான் யோசிக்கவே ஆரம்பிக்கறே. அது கெடக்கட்டும்.

அப்பறம் ஒரு நாளு டர்போ பாஸ்கல் வந்துச்சு. போர்லேண்டுக்காரங்க 1983லயே வெளிய விட்டது, எங்க ஊருக்கு வந்து சேர அத்தன நாளாச்சு. எழுதுனது ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க்குன்னு ஒரு டென்மார்க்குப் பையன். வெல 49 டாலரு 95 சென்ட்டு. மத்த கம்பைலரெல்லாம் நூத்துக்கணக்குல டாலரு வித்த காலம் அது. எங்களுக்கு வந்த ஃபிளாப்பி எப்படி வந்துச்சு, கை மாறி வந்துச்சா, காசு குடுத்து வந்துச்சான்னு இப்ப கேக்காத. மோரக் குடி.

கம்பைலரு, எழுதற எடம், எல்லாஞ் சேத்து ஒரே ஃபைலு. மூணாம் பதிப்புல அது 39,731 பைட்டு. நாப்பது கேபி கூட இல்ல. உன்ற கம்பெனி வெப்சைட்டுல மேல ஓரமா ஒரு படம் இருக்குதே, அதே இதவிடப் பெருசா இருக்கும். சொருகுனா மெமரிக்குள்ள போய் உக்காந்துக்கும். கம்பைல் பண்ணச் சொன்னா, ஃபிளாப்பியத் தொடாம மெமரிக்குள்ளயே பண்ணிப்போடும். தப்பு இருந்தா, தப்பு எங்கயோ அங்கயே கர்சரக் கொண்டு போயி நிறுத்தும். மொத நாளு எங்க ரூமுல ஆரும் நம்பல. 'இது கம்பைல் பண்ணுச்சா, இல்ல பண்ணுனேன்னு பொய் சொல்லுதா?'ன்னு பழைய கம்பைலருல இன்னொருக்கா போட்டு ஒத்துப் பாத்தோம்.

ஏன் அத்தன வேகம்னு உன்ற சார்ட்டு சொல்லாது. நான் சொல்றேன்.

நிக்லாஸ் விர்த்துன்னு ஒரு மனுசன், சுவிட்சர்லாந்துக்காரரு. பாஸ்கல் மொழிய 1970ல அவருதான் வெளிய விட்டாரு. மேல இருந்து கீழ ஒரே ஓட்டமா படிச்சு முடிச்சுப்போடற மாதிரி மொழியவே வெட்டி வெச்சுட்டாரு. எதச் சொல்லோணும்னாலும் மொதல்ல பேரச் சொல்லு, அப்பறம் வேலையச் சொல்லு. திரும்பிப் பாக்கற வேலையே கெடையாது. அவரு கம்பைலருக்குன்னு ஒரு அளவுகோலு வெச்சிருந்தாரு: கம்பைலரு தன்னத்தானே கம்பைல் பண்ணிக்க எத்தன நேரம் ஆகுது? புதுசா ஒரு மெருகு வேலையச் சேத்தா, அதனால அந்த நேரம் கொறையோணும். கூடுச்சுன்னா அந்த மெருகு வேண்டாம், தூக்கி வீசு. சம்பாதிக்கறத விட எச்சாத் திங்கற மாட்ட எவன் கட்டுத்தரைல வெச்சிருப்பான்? 1995ல மெலிஞ்ச மென்பொருளு வேணும்னு ஒரு கட்டுரையும் எழுதுனாரு. 2024 மொத நாளு செத்துப் போனாரு. அதுக்குள்ள மென்பொருளு மெலிஞ்சுச்சான்னு நீயே உன்ற லேப்டாப்பப் பாத்துச் சொல்லு.

இப்ப சி பிளஸ் பிளஸ் பக்கம் வா. நம்ம கல்யாணத்துக்கு ஒறம்பரை வருதுன்னு வெச்சுக்க. 'எந்தக் கூட்டம், எந்தக் கோயில்'னு ரெண்டு வார்த்த கேட்டா போதும், ஆளு ஆருன்னு தெரிஞ்சு போகும். டர்போ பாஸ்கல் நாலாம் பதிப்புல இருந்து வந்த யூனிட்டு அப்படித்தான். ஒருக்கா கம்பைல் பண்ணி, சாராம்சத்தச் சீட்டுல எழுதி வெச்சுக்கும். அடுத்தவன் வந்தா சீட்டக் காட்டுனாப் போதும். சி பிளஸ் பிளஸ்ல ஹெடர் ஃபைல இன்க்ளூட் பண்ணுனா, பந்தியில உக்கார்ற ஒவ்வொருத்தன் முன்னாடியும் ஏழு தலைமொறை வம்சாவளிய மொதல்ல இருந்து வாசிக்கோணும். இவனுக்கு வாசிச்சு முடிச்சு, பக்கத்து எலைக்காரனுக்கு மறுக்கா அதையே மொதல்ல இருந்து. சோறு ஆறிப் போகும். நீ எழுதுனது அஞ்சு வரியா இருக்கும். கம்பைலரு வாய்க்குள்ள போறது பல்லாயிரம் வரி.

கூகுள்ல 2007ல ஒரு புரோகிராம அளந்து பாத்தாங்க. ராப் பைக் பொறவு ஒரு பேச்சுல சொன்ன சேதி. ரெண்டாயிரம் ஃபைலு, எல்லாத்தையும் சேத்தா 4.2 எம்பி. இன்க்ளூட்டையெல்லாம் விரிச்சு கம்பைலருக்குள்ள போனது 8 ஜிபிக்கு மேல. ஒரு பைட்டு எழுதுனா ரெண்டாயிரம் பைட்டு. ஒரு படி அரிசி போட்டா ரெண்டாயிரம் படி சோறு வருதுன்னா சந்தோசப்படலாம்; இது ஒரு படி அரிசிக்கு ரெண்டாயிரம் படி தவுடு. அந்தப் பில்டு முடிய நாப்பத்தஞ்சு நிமிசம். அத்தனை மிசினுகளக் கூட்டுச் சேத்து ஓட்டியும் நாப்பத்தஞ்சு நிமிசம். அப்படிக் காத்துக் காத்துக் கடுப்பாகித்தான் பைக்கும், ராபர்ட் கிரீசமரும், கென் தாம்சனும் கோ மொழிய யோசிக்க ஆரம்பிச்சாங்க, 2009ல வெளிய விட்டாங்க. கிரீசமரு படிச்சது சூரிக்ல, விர்த்து வாத்தியாரா இருந்த எடத்துல. கோ-வோட பேக்கேஜு நம்ம பழைய யூனிட்டோட பங்காளிதான். கூட்டமும் கோயிலும் கேட்டு ஆளக் கண்டுக்கற வித்த, சுத்திச் சுத்தி நம்ம வாசலுக்கே வந்துருச்சு பாரு.

அதனால உன்ற சார்ட்டுல கோ வேகமா இருக்கறதும், டெல்ஃபி வேகமா இருக்கறதும் நெசந்தான். அதுல நான் வாய் வெக்கல. டெல்ஃபியும் 1995 பிப்ரவரி 14ந் தேதி அதே டர்போ பாஸ்கல் வயித்துல பொறந்த புள்ளதானே.

இப்ப சொல்லு, விசுவல் சி பிளஸ் பிளஸ்ஸ டீபக்குல பில்டு பண்ணுனயா, ரிலீஸ்லயா? ரிலீஸ்ல. லாசரஸ? ...முழிக்கறயே. போன உடனே பச்ச அம்புக்குறிய அமுக்குனே, அது எதுல வந்துச்சோ அதுல வந்துச்சு. அப்படித்தானே?

நாங்க ஆலைல கரும்ப எடை போடுவோம். ஒருத்தரு சோகைய உரிச்சு, வேரச் செதுக்கிச் சுத்தமாக் கொண்டு வருவாரு. இன்னொருத்தரு சோகையோட, கொழுந்தோட, வேருல மண்ணோட ஏத்திட்டு வந்து, 'பாருங்க என்ற கரும்பு என்னா எடை'ம்பாரு. எடைமேடை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி முள்ளக் காட்டும். முள்ளு பொய் சொல்லாது, முள்ளுக்குச் சோகை தெரியாது, அவ்வளவுதான். லாசரஸ் அப்படியே பில்டு பண்ணுனா, தப்பு வந்தா எந்த வரில வந்துச்சுன்னு தேடிக் கண்டுபிடிக்கற தகவலு பூராவும் அந்த எக்ஸி ஃபைலுக்குள்ளயே உக்காந்திருக்கும். அதுதான் சோகை. ஸ்ட்ரிப் பண்ணு, பயன்படாத பகுதிய லிங்கரு உதிர்க்கற மாதிரி செட்டிங்கப் போடு. இருபத்தி சொச்சம் எம்பி ரெண்டு எம்பி பக்கம் வந்து நிக்கும். லாசரஸ்காரங்களே இந்தக் கேள்விக்குப் பதிலு சொல்லிச் சொல்லி சலிச்சு, கேக்கறவங்களுக்குன்னு தனியா எழுதியே வெச்சுட்டாங்க.

அதுக்காக சோகைய ஒட்டுக்கா வீசிப்போடாத. மாட்டுக்கு ஆகும், சாளைக்குக் கூரை வேய ஆகும். தனியா எடுத்து வெச்சுக்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கஸ்டமரு கூப்பிட்டு 'உங்க புரோகிராமு படுத்துக்குச்சு'ன்னா, அந்தச் சோகைலதான் சாவி கெடக்கும்.

சரி, சின்ன ஃபைலுக்கு வா. உன்ற மாமன் ஒருத்தன் விசுவல் பேசிக்குல எழுதுவான். அவன் எக்ஸி முப்பது கேபி, நாப்பது கேபின்னு பீத்திக்குவான். ஒரு நாளு அத எடுத்துட்டுப் போயி வேற மிசினுல போட்டான். மிசினு, 'எம்எஸ்விபிவிஎம்60 டிஎல்எல் எங்க?'ன்னு கேட்டுச்சு. அது இல்லாம புரோகிராமு எந்திரிக்காது. அது ஒண்ணே ஒரு எம்பிக்கு மேல. மாப்பிள்ளை மட்டும் டிவிஎஸ் 50ல வேட்டி துண்டோட ஒய்யாரமா வந்து எறங்கறான். 'பாத்தீங்களா, எத்தன எளிமை'ன்னு பொண்ணு வூடு மெச்சுது. பின்னாடியே லாரில கட்டிலு, பீரோ, எட்டு சித்தப்பன், சமையக்காரன். டெல்ஃபிலயும் ரன்டைம் பேக்கேஜத் தனியா வெச்சு பில்டு பண்ணுனா எக்ஸி சுருங்கிப் போகும். லாரி இல்லேன்னு அர்த்தமா? வெளிய நிக்குதுன்னு அர்த்தம். டாட்நெட்டும் அந்தச் சாதிதான், எந்த வழில பில்டு பண்றேங்கறதப் பொறுத்து லாரி உள்ளயும் நிக்கும் வெளியயும் நிக்கும்.

கோ-க்காரன் வேற மாதிரி. அவன் கட்டுச்சோறு கட்டிட்டு வர்றவன். வெறும் 'வணக்கம்'னு ஒரு வரி எழுதற புரோகிராமே எம்பிக் கணக்குல வரும். ஏன்னா குப்பை அள்ளறவன், வேல பிரிச்சுக் குடுக்கற மேஸ்திரி எல்லாத்தையும் தூக்குப்போசியிலயே வெச்சுக் கொண்டு வர்றான். போற எடத்துல சோறு கெடைக்குமான்னு கவலையில்ல. எனக்கு அந்தக் கொணம் புடிக்கும். புடிக்காதது எலக்ட்ரான்காரன். ஒரு டம்ளரு டீ குடிக்கறதுக்கு, குரோமியம் பிரவுசரு முச்சூடையும் தோள்ல தூக்கிட்டு வர்றான். பக்கத்து எலைல இன்னொரு எலக்ட்ரான்காரன், அவனும் தனியா ஒரு பிரவுசரு. நீ இந்தச் சார்ட்டுக்கு கோடெல்லாம் எழுதுனது எதுல? விஎஸ் கோடுலயா? ஹஹ்ஹா. நூத்துக்கணக்கான எம்பி மேல உக்காந்துட்டு, ரெண்டு எம்பிக்கு வழக்குப் பேசற ஆளு நீ. யூபிஎக்ஸ் போட்டுச் சுருக்கறேன்னு வேற கெளம்பாத. பஞ்ச மூட்டைல திணிக்கற வேலதான் அது. ஓடறப்ப மறுபடியும் விரியும். ஆன்டிவைரசு வேற, 'என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கறே?'ன்னு மடியப் புடிக்கும்.

நேரத்த எப்படி அளந்தே? ஒருக்காவா, பல தடவையா? ஒருக்காத்தானா.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காச்சறதப் பாத்திருக்கறே. மொதக் கொப்பரைக்கு அடுப்பு சில்லுன்னு இருக்கும், சாறு கொதிக்க நேரம் புடிக்கும். ரெண்டாங் கொப்பரை, மூணாங் கொப்பரைன்னா அடுப்பு காஞ்சு கெடக்கும், கடகடன்னு பதம் வந்துரும். நீ விசுவல் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மொதக் கொப்பரைய அளந்துட்டு, டெல்ஃபிக்கு மத்தியானக் கொப்பரைய அளந்தா நாயமா? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மொதல்ல இருந்து ஒரு பில்டு. அப்பறம் ஒரே ஒரு வரிய மாத்திப்போட்டு ஒரு பில்டு. ரெண்டையும் தனித்தனியா அஞ்சாறு தடவ ஓட்டு. நாள் முச்சூடும் நீ செய்யறது ரெண்டாவதுதான், சார்ட்டுல போடறது மட்டும் மொதலாவது. நடுவால அந்த ஆன்டிவைரசு நின்னு, புதுசாப் பொறக்கற ஒவ்வொரு ஃபைலையும் மோந்து பாக்கும். அந்த நேரத்தையும் நீ கம்பைலரு தலைல கட்டுவே.

இன்னொண்ணும் இருக்குது. கொதிச்ச சாற அரைப் பதத்துல எறக்கி ஊத்துனவன்தான் எப்பவும் மொதல்ல முடிப்பான். வெல்லம் கட்டாது, அது வேற. டர்போ பாஸ்கலு சீக்கிரம் முடிச்சதுல ஒரு பங்கு, அது கோட ரொம்ப மெருகு போடாததுனால. சி பிளஸ் பிளஸ்ஸோ ரஸ்ட்டோ ரிலீஸ்ல நின்னு காச்சுதுன்னா, பொறவு புரோகிராமு ஓடறப்ப அந்த நேரத்தத் திருப்பிக் குடுக்குது. கோடி தடவ ஓடற புரோகிராமுக்கு அது லாபம். மாசத்துக்கு ஒருக்கா ஓடற சம்பளப் பில்லுக்கு என்னத்துக்கு?

பில்டு வேகம், ஃபைலு எடை, இந்த ரெண்டுல எது பெருசுன்னு என்னக் கேட்டா, வேகந்தான். எடைக்கு இன்னைக்கு ஆரும் அழுகறதில்ல. ஃபிளாப்பில எடுத்துட்டு பஸ்ஸுல போறவன் நீயில்ல. ஆனா பில்டு மூணு செகண்டுன்னா உன்ற கை கீபோர்டுலயே இருக்கும், யோசனையும் அங்கயே நிக்கும். நாப்பது செகண்டுன்னா கை போனுக்குப் போகும். நாலு நிமிசம்னா காலு டீக்கடைக்குப் போகும். டீக்கடைக்குப் போன புரோகிராமரு என்ன எழுதிட்டு இருந்தோம்கற நெனப்போட திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. இது தெரிஞ்சவன் அந்த ஹெய்ல்ஸ்பர்க்கு. அவன் மைக்ரோசாஃப்டுக்குப் போயி சி ஷார்ப்பப் பெத்தான், அப்பறம் டைப்ஸ்கிரிப்ட்டப் பெத்தான். அந்த டைப்ஸ்கிரிப்ட்டு கம்பைலரு வர வர மெதுவாச்சு. 2025 மார்ச்சுல, இத வேற மொழில எழுதப் போறோம், பத்து மடங்கு வேகம்னு சொன்னான். நீ எழுதறயே, அதே விஎஸ் கோடு, பதினஞ்சு லட்சம் வரி. அதச் சரிபாக்க முன்ன 77.8 செகண்டு, இப்ப 7.5. எந்த மொழில எழுதறான் தெரியுமா? கோ-ல. வூட்டுல சி ஷார்ப்புன்னு சொந்த மவன் வாட்டசாட்டமா நிக்கறான்; இவன் அடுத்த வூட்டுப் பையனக் கூப்பிட்டு ஏரு பூட்டச் சொல்றான். சி ஷார்ப்பு சனமெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு. எனக்கு அவன் மேல மதிப்புக் கூடித்தான் போச்சு.

என்ன, லேப்டாப்ப மூடறே? கோவமா? இரு, என்ற மானத்தையும் கொஞ்சம் வாங்கிட்டுப் போ.

டர்போ பாஸ்கல் ஏழு வந்த புதுசு. எனக்கு வேகப் பைத்தியம் புடிச்சிருந்துச்சு, இப்ப உனக்குப் புடிச்சிருக்கற மாதிரி. கரும்புப் பில்லு புரோகிராமுல எடையெல்லாம் ரியல்ல இருந்துச்சு. ரியலு மெதுவு. எல்லாத்தையும் இன்டிஜரா மாத்துனேன். கூட்டல் மிஞ்சிப் போச்சான்னு பாக்கற சோதனை ஒண்ணு அந்தப் பதிப்புல புதுசா வந்திருந்துச்சு. அதப் போட்டா ஃபைலு பெருக்கும், ஓட்டம் கொறையும்னு புத்தகத்துலயே எழுதியிருந்துச்சு. போடல. ஃபைலு சுருங்குச்சு, பில்லு பறந்துச்சு. ரூமுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனேன். ஒரு சார்ட்டு கூடப் போட்டேன், கிராஃப் காகிதத்துல, கலர் பென்சில்ல.

அந்தப் பதினஞ்சு நாள் பில்லுல ஒரு விவசாயி 41,230 கிலோ கரும்பு போட்டிருந்தாரு. டர்போ பாஸ்கல் இன்டிஜருக்கு 32,767க்கு மேல எண்ணத் தெரியாது. அதுக்கு மேல போனா குட்டிக்கரணம் போட்டு அந்தப் பக்கமா விழும். சீட்டுல மைனஸ் 24,306 கிலோன்னு அடிச்சு வந்துருச்சு. அதுக்குப் பணமும் மைனஸ்ல. அத ஆரும் பாக்காம கவுண்டருல நீட்டியும் போட்டாங்க.

மனுசன் கத்தல, கூப்பாடு போடல. துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு ரூமுக்கு வந்தாரு. வந்து ஏசிக் காத்துல கொஞ்ச நேரம் நின்னாரு. நான் வேர்த்து விறுவிறுத்து எங்க தப்புன்னு தேடறேன். கம்பைல் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடியுது, தப்பு மட்டும் கெடைக்க மாட்டேங்குது. ராத்திரி பதினோரு மணியாச்சு. அது வரைக்கும் வெளி பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு. திருத்துன சீட்டக் கைல குடுத்தேன். பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் வெளக்கு வெளிச்சத்துல ஒத்துப் பாத்துப்போட்டுக் கேட்டாரு:

"ஏந்தம்பி, அந்த இருவத்தி நாலாயிரத்தி சொச்சம் கிலோ என்ற பேருல பாக்கி நிக்குதுங்களே, அதக் கொண்டாந்து எறக்க வண்டி நான் புடிக்கோணுமா, ஆலையே அனுப்புமா?"